உகந்தை வாசலுக்கு ஓர் உச்ச வரம்பு

இலங்கையின் கிழக்குக் கரையில், பாணமையைத் தாண்டித் தெற்கே போகும் பாதை உகந்தை முருகன் கோயிலின் மலையடிவாரத்தில் போய் நிற்கிறது. கோயிலுக்கு அருகிலேயே குமண தேசிய பூங்காவின் நுழைவாயில் இருக்கிறது. பொதுமக்கள் வாகனத்தில் உள்ளே போவதற்கு உள்ள வாசல் அது ஒன்றுதான். கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்கு நடந்து போகும் அடியார்கள் காட்டுக்குள் இறங்குவதும் அங்கிருந்துதான். அந்த வாசலைக் கடந்து ஒரே நேரத்தில் எத்தனை வாகனங்கள் உள்ளே இருக்கலாம், ஒரு நாளில் எத்தனை பேர் காட்டுப் பாதையில் இறங்கலாம் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த, ஆளைப் பார்த்து மாறாத ஓர் உச்ச வரம்பு வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். நெரிசல் முற்றிக் காடு களைத்துப்போன பிறகு வரும் வரம்பைப் பற்றி நான் பேசவில்லை. இன்னும் பொழுது இருக்கும்போதே அதை வகுத்துவிட வேண்டும் என்று கேட்கிறேன்.

இந்த அவசரத்துக்குக் காரணம், குமணையோடு ஒட்டிக் கிடக்கும் யாலவில் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதுதான். யால 1938ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் மொத்தப் பரப்பு 979 சதுர கிலோமீற்றர். அவ்வளவு பெரிய காட்டில் சில நூறு ஜீப்புகள் ஓடுவதால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: வருபவர்களில் மிகப் பெரும்பாலானோர் போவது ஏறத்தாழ 140 சதுர கிலோமீற்றர் மட்டுமே கொண்ட முதலாம் வலயத்துக்குத்தான். சிறுத்தைகள் உலகிலேயே மிக அடர்த்தியாக வாழும் இடங்களில் ஒன்று என்று அந்த வலயம் பெயர் எடுத்துவிட்டது. அந்தப் பெயரே அதற்கு வினையாகவும் வந்து முடிந்தது. அந்த வலயத்துக்குள்ளும் எல்லாப் பாதையிலும் வாகனங்கள் பரவி ஓடுவதில்லை. சிறுத்தை தென்படும் இரண்டு மூன்று பாறைகளுக்கும் குளக்கரைகளுக்கும் போகும் பாதைகளிலேயே அவை குவிகின்றன. ஆகவே நெரிசலை மொத்தப் பரப்பால் வகுத்துப் பார்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். ஒரு விலங்கைச் சுற்றி ஒரு நேரத்தில் எத்தனை இயந்திரங்கள் நிற்கின்றன என்பதுதான் பார்க்க வேண்டிய கணக்கு.

அதை நேரில் பார்த்திருக்கிறேன். உறவினர்களோடு யாலவுக்குப் போயிருந்தபோது, பாதையோரப் பாறை ஒன்றின் மேல் இளம் சிறுத்தை ஒன்று படுத்திருந்தது. நாங்கள் போன நேரத்தில் அங்கே இரண்டு வாகனங்கள்தான் நின்றன. முன்னால் நின்ற ஜீப்பின் சாரதி கைபேசியை எடுத்து யாருக்கோ ஒரு சொல் சொன்னார். சற்று நேரத்துக்குள் இரு திசையிலிருந்தும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஜீப்புகள் வந்து சேர்ந்தன. பாதை ஒரு வாகனம் போகும் அகலம்தான். பின்னால் வந்தவர்கள் முன்னால் போக முடியாமலும், முன்னால் நின்றவர்கள் பின்னால் எடுக்க முடியாமலும் எல்லா இயந்திரங்களும் உறுமிக்கொண்டே நிற்க, டீசல் புகை பாறையடி வரை படர்ந்தது. பாதையின் மறுபுறத்தில் ஒரு சிறு நீர்க்குட்டை இருந்தது. சிறுத்தை எழுந்து பாறையின் விளிம்பு வரை வந்து, இறங்கவேண்டிய இடத்தில் நின்ற இரண்டு ஜீப்புகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் பாறைக்குப் பின்னால் போய்விட்டது. இருக்கைகளின் மேல் ஏறி நின்றவர்கள் நல்ல படம் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தார்கள். தண்ணீர் குடிக்க வந்த ஒரு விலங்கை நாங்கள் எல்லோரும் சேர்ந்து மறித்துவிட்டோம் என்பது அங்கு யார் பேச்சிலும் வரவில்லை.

இந்த வகைச் சேதம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. மரம் வெட்டப்பட்டால் அடிக்கட்டை மிஞ்சும். விலங்கு சுடப்பட்டால் உடல் கிடக்கும். தண்ணீர் குடிக்க வந்து குடிக்காமல் திரும்பியதும், வேட்டைக்குப் பதுங்கியிருந்தது குலைந்துபோனதும், கன்றோடு நிற்கும் யானை மேய்ச்சலை விட்டுக் காதை விரித்துக்கொண்டு நிற்பதிலேயே காலைப் பொழுதைக் கழிப்பதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வறட்சிக் காலத்தில் இவை ஒவ்வொன்றும் அந்த விலங்கின் உடலில் இருந்து கழிகின்றன. பழகிப்போன விலங்குகள் மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை, ஆகவே தொல்லையில்லை என்று சில வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அஞ்சாமல் இருப்பதை விலங்கின் நலத்துக்குச் சான்றாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வேலியைத் தாண்டி வயலுக்குள் வரும் யானையும் அஞ்சாமல்தான் வருகிறது, அதன் முடிவு என்னவென்று அம்பாறை மாவட்டத்து விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி குமணைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து முதியவர்கள் கூமுனை என்று சொல்லும் இந்தக் காடு, யால கிழக்கு என்ற பெயரோடு 1970ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு குமண என்று பெயர் மாற்றப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 356 சதுர கிலோமீற்றர். 1985 முதல் 2003 வரை போரினால் பூட்டிக் கிடந்தது. அடுத்த ஆண்டே சுனாமி வந்து கரையோரத்தைத் தாக்கியது. 2010ஆம் ஆண்டு இதன் ஈரநிலங்கள், ஈரநிலங்களைக் காப்பதற்கான றம்சார் சாசனத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்தவையாக ஏற்கப்பட்டன. இவ்வளவு பெருமைக்கும் நடுவாக இருப்பது குமண வில்லு. கண்டல் மரங்கள் சூழ்ந்த, ஏறத்தாழ 200 ஹெக்டேயர் அளவான அந்த நீர்நிலைக்குக் குமுக்கன் ஆற்றிலிருந்து ஒரு சிறு கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. சங்குவளை நாரைகளும் கரண்டிவாயன்களும் கொக்குகளும் நீர்க்காகங்களும் அந்த மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

யாலவை விடக் குமணை எளிதில் உடையக்கூடியது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இந்த அமைப்புத்தான். ஒரு வாசல், உள்ளே போகும் ஒரு முதன்மைப் பாதை, அந்தப் பாதையின் கடைசியில் எல்லோரும் பார்க்க விரும்பும் ஒரு வில்லு. யாலவில் ஒரு பாறையடியில் நெரிசல் என்றால் சிறுத்தைக்கு வேறு பாறைகள் உண்டு. மே, ஜூன் மாதங்களில் கூட்டில் குஞ்சை வைத்திருக்கும் நாரைக்கு வேறு வில்லு இல்லை. மனிதர் நெருங்கி வந்து நின்றால் தாய்ப்பறவை எழுந்து பறக்கும். அது திரும்பி வரும் வரை முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். காகமும் பருந்தும் காத்துக்கொண்டிருக்கும். அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்கு வெளிநாட்டவர் வந்து குவியும் பருவமும் மே மாதத்தில்தான் தொடங்குகிறது. இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் தொகை 2018இல் 23 இலட்சத்தைக் கடந்தது. குண்டுத் தாக்குதலும் பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் வந்துபோன பின், 2024இல் மறுபடியும் 20 இலட்சத்தைக் கடந்தது. அந்தத் தொகையில் அறுகம்குடாவுக்கு வரும் பங்கு விடியற்காலை ஜீப்பில் ஏறிக் குமணைக்கு வர அதிக நேரம் எடுக்காது. யாலவில் கூட்டம் என்பதால் அமைதியான குமணைக்கு வாருங்கள் என்று இணையத்தில் எழுதுவோரும் பெருகிவிட்டார்கள். அந்த அமைதியை விளம்பரப்படுத்துவோர் அதற்கு அளவு ஒன்று உண்டென்றும் எழுத வேண்டும்.

இதே பருவத்தில்தான் எங்கள் மக்களின் பாதயாத்திரையும் வருகிறது. இதைப் பற்றி எழுதும்போது மிகுந்த கவனத்தோடு எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இது எங்கள் ஊர்களின் உயிரோடு கலந்தது. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் என்று கோயில் கோயிலாகத் தங்கி, பொத்துவில் கடந்து உகந்தைக்கு வருகிறார்கள். அங்கிருந்து வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று காட்டுக்குள் ஐந்தாறு நாள் நடை. தேசிய பூங்கா என்ற ஏற்பாடு இந்த நாட்டில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த வழி இருந்தது. ஆகவே ஜீப்பில் வரும் உல்லாசப் பயணியையும் அரோகரா சொல்லி நடந்துவரும் அடியாரையும் ஒரே தட்டில் வைத்து எண்ணும் எந்தத் திட்டத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

ஆயினும் காட்டுக்குள் தண்ணீர் ஒன்றுதான். கிழக்கில் மாரி மழை ஒக்டோபரில் தொடங்கித் தை மாதத்தோடு ஓய்கிறது. ஆடி மாதம் வரும்போது காட்டுக் குட்டைகள் பலவும் வெடித்துச் சேறாகிவிடும். குமுக்கன் ஆறு மெலிந்து மணல் தெரிய ஓடும். அந்த மணலில் அடியார்கள் கையாலும் தேங்காய்ச் சிரட்டையாலும் ஊற்றுத் தோண்டுவார்கள். முதலில் கலங்கலாக ஊறும் தண்ணீரை இறைத்து விட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்தால் குளிர்ந்த தெளிந்த நீர் வரும். ஒரு குடும்பம் தோண்டிய ஊற்றில் அடுத்த குடும்பம் அள்ளும்; அந்த இடத்தில் சாதியும் ஊரும் யாரும் கேட்பதில்லை. அதே ஆற்றுக்குத்தான் இரவில் யானைகள் வருகின்றன, மான் கூட்டமும் கரடியும் வருகின்றன. கரை நெடுக அடுப்பெரிந்து, விளக்குகள் தொங்கி, ஒலிபெருக்கியில் பாட்டும் கேட்டால் அந்த விலங்குகள் எங்கே போகும்? சில நூறு பேர் நடந்த காலத்தில் அடியார் கூட்டம் கடந்துபோக விலங்கு காத்திருந்து இறங்கியது. இப்போது பல்லாயிரம் பேர் நடக்கிறார்கள். ஒரு கூட்டம் எழும்பிப் போக அடுத்த கூட்டம் வந்து அமர்கிறது. விலங்குக்கு முறை வருவதே இல்லை.

பல ஆண்டுகளாக நடந்துவரும் வயதான அம்மா ஒருவர் ஆற்றங்கரையில் என்னிடம் சொன்னது நினைவில் நிற்கிறது: “மனே, முந்தி இந்தக் கரையில ராவைக்கு ஆனை வாற சத்தம் கேட்டு நாங்க ஒதுங்கிக் குடுப்பம். இப்ப ஆனைதான் எங்களுக்கு ஒதுங்கிப் போகுது.” அவர் யாத்திரையைக் குறை சொல்லவில்லை. காட்டின் ஒழுங்கு மாறிவிட்டதை அறிந்து, அது தனக்கு வலிப்பதை அவர் சொன்னார். பக்தியோடு நடப்பவர்களிலேயே இந்த வலி இருக்கிறது என்பதால்தான், அடியார்களிடமே எல்லை வகுப்பதைப் பற்றிப் பேச முடியும் என்று நம்புகிறேன்.

இங்கே அடிக்கடி தவறாக விளங்கிக்கொள்ளப்படும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுப்பாடு என்றவுடன் நிருவாகத்தின் கைக்கு முதலில் வருவது நாட்களைக் குறைப்பதுதான். காட்டு வழி ஆண்டுக்கு ஒரு முறை, சுமார் இரண்டு வாரத்துக்குத் திறக்கப்படுகிறது. எந்தத் திகதியில் திறப்பது, எந்தத் திகதியில் மூடுவது என்பதில் அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் இழுபறி. நாட்களைக் குறைத்தால் காடு பிழைக்கும் என்று ஒரு சாரார் எண்ணுகிறார்கள். நடக்க நேர்ந்துகொண்டவர், நாள் குறைந்தது என்பதற்காக வீட்டில் இருந்துவிடுவதில்லை. அதே தொகை குறைந்த நாட்களுக்குள் அமுக்கப்படும். திறந்த அன்று காலையில் உகந்தையில் நிற்கும் கூட்டம் இன்னும் தடிக்கும். வாகூரவெட்டையில் ஒரு மரநிழலுக்கு நூறு பேர் அடிபடுவார்கள். கழிவும் குப்பையும் ஒரே இடத்தில் சேரும். நாட்களைச் சுருக்குவது வருவோர் தொகையைக் குறைப்பதில்லை, நெரிசலைத்தான் கூட்டுகிறது. சில நாட்கள் கூடுதலாகத் திறந்து, ஒவ்வொரு நாளும் இத்தனை பேர்தான் இறங்கலாம் என்று வைத்து, பதிவை ஊர்க் கோயில்கள் வழியாக முன்கூட்டியே செய்தால், நடப்பவர் தொகை குறையாமலே ஆற்றங்கரையில் ஓர் இரவில் தங்கும் தொகை குறையும். ஏற்கனவே உகந்தையில் பெயர் பதிந்துதான் விடுகிறார்கள். பதியும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவதுதான் வேண்டியது. வாசலுக்கு வந்த பிறகு ஒருவரைத் திருப்பி அனுப்புவது கொடுமை, வீட்டில் இருக்கும்போதே உங்கள் நாள் இன்னது என்று சொல்வது முறை.

யாலவின் காலை நெரிசலுக்கும் இதே விதி பொருந்தும். வாசல் ஆறு மணிக்குத் திறந்ததும் எல்லா வாகனமும் ஒன்றாகப் பாய்கின்றன, மாலையில் மறுபடியும் ஒன்றாகக் குவிகின்றன. நடுப்பகலில் பாதைகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. ஒரு நாளின் மொத்தத் தொகையை மட்டும் வைத்து அந்த நெரிசலை அளக்க முடியாது.

மற்ற நாடுகள் இதைக் கையாண்ட விதங்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது தாய்லாந்தின் மாயா குடா. அளவு கடந்த கூட்டத்தால் பவளப் பாறைகள் அழிந்த பிறகு 2018இல் அதை முற்றாக மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். திறந்தபோது படகுகள் குடாவுக்குள் வரத் தடை விதித்து, தீவின் மறுபுறத்தில் இறங்கி நடந்து வரும்படி செய்தார்கள். ஒரே நேரத்தில் கடற்கரையில் நிற்கும் தொகைக்கு வரம்பு வைத்தார்கள். மூடியிருந்த காலத்தில் சுறாக்கள் அந்த ஆழமற்ற நீருக்குத் திரும்பி வந்தன. அமெரிக்காவின் சயன் தேசிய பூங்காவில் 2000ஆம் ஆண்டு முதல் கூட்டம் மிகுந்த பருவத்தில் பள்ளத்தாக்குப் பாதைக்குள் சொந்த வாகனம் விடுவதில்லை, பூங்காவின் பேருந்தில்தான் போக வேண்டும். அங்கே ஆபத்தான ஒரு மலையுச்சிக்கு 2022 முதல் குலுக்கல் முறையில் அனுமதி கொடுக்கிறார்கள். றுவண்டாவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளொன்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி, அதுவும் ஒரு மணி நேரம். ஆனால் அந்த அனுமதிக்கு வெளிநாட்டவரிடம் 2017 முதல் 1,500 அமெரிக்க டொலர் வாங்குகிறார்கள். எட்டுப் பேர் என்ற எண்ணிக்கையை நான் மதிக்கிறேன். விலையை எங்கள் மண்ணுக்குக் கொண்டுவர நான் ஒப்பமாட்டேன்.

ஏனென்றால், விலையால் வகுக்கும் எல்லை முதலில் வெளியே தள்ளுவது அக்கரைப்பற்றிலும் தம்பிலுவிலிலும் கல்முனையிலும் இருக்கும் சாதாரணக் குடும்பத்தைத்தான். உள்ளூரவருக்கு நுழைவுச்சீட்டு மலிவாக இருந்தாலும் ஜீப் வாடகையே அவர்களுக்கு எட்டாத தொகையாக நிற்கிறது. இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, யானையால் வயலை இழந்தும், தன் வாழ்நாளில் ஒரு முறையாவது குமண வில்லைப் பார்க்காத ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருக்கிறார்கள். எண்ணிக்கை வரம்பு வரும்போது அதில் ஒரு பங்கு பாடசாலைகளுக்கும் உள்ளூர்க் குடும்பங்களுக்கும் என்று எழுத்தில் ஒதுக்கப்பட வேண்டும். பூங்காவின் சொந்தப் பேருந்து ஒன்று உகந்தையிலிருந்து வில்லுவரை காலையிலும் மாலையிலும் ஓடினால், ஐந்தாறு ஜீப்புகளில் போகும் பிள்ளைகள் ஒரே வாகனத்தில் போய்வரலாம்.

ஜீப் ஓட்டுபவர்களின் பக்கத்தையும் நான் இலேசாக எண்ணவில்லை. பாணமையிலும் பொத்துவிலிலும் லீசிங்கில் வண்டி எடுத்து ஓட்டும் இளைஞர்களை எனக்குத் தெரியும். மாதத் தவணை வருகையில் சுற்றுலாப் பருவம் எப்படி இருந்தது என்று நிதி நிறுவனம் கேட்பதில்லை. வரம்பு வந்தால் ஓட்டம் குறையும் என்ற அவர்களது அச்சம் நியாயமானது. அதனால்தான் வண்டிகள் இன்னும் பெருகுவதற்கு முன்னரே இதைச் செய்ய வேண்டும் என்கிறேன். இருக்கும் வண்டிகளைப் பதிந்து, அவற்றுக்கு முறை வைத்து ஓட்டம் கொடுப்பது இப்போது சாத்தியம். தொகை இரட்டிப்பான பிறகு வரம்பு வைத்தால் பாதிப் பேருடைய பிழைப்பைப் பறித்துத்தான் வைக்க முடியும். யாலவில் எந்தச் சீர்திருத்தமும் இழுபட்டுப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூட்டத்தை வேறு காடுகளுக்குத் திருப்பிவிடலாம் என்று சொல்வோர் லாகுகலையையும் கல்லோயாவையும் காட்டுகிறார்கள். கல்லோயாவில், சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போய் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் பார்ப்பது அரிய அனுபவம்தான். ஆனால் நீந்திக்கொண்டிருக்கும் யானையைச் சுற்றி நான்கைந்து படகுகள் வளைத்தால் அதற்குத் தரையில் உள்ளதுபோல விலகி ஓட வழியில்லை. அங்கே வரம்பு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். லாகுகலை 1,554 ஹெக்டேயர்தான், இலங்கையின் மிகச் சிறிய தேசிய பூங்காக்களில் ஒன்று. பொத்துவில் வீதியால் போகிறவர்கள் வானை நிறுத்தி இறங்கிக் கைபேசியோடு குளத்துப் புல்வெளியை நோக்கி நடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே வாசல் இல்லை, சீட்டு இல்லை, எண்ணுவாரும் இல்லை. ஒரு காட்டின் சுமையை இறக்கி இன்னொரு காட்டின் தலையில் வைப்பதை நான் தீர்வாகக் கொள்ளவில்லை.

யாத்திரைக்கு முன்பாக ஆண்டுதோறும் கச்சேரியில், அதாவது மாவட்ட செயலகத்தில், கூட்டம் கூடுகிறது. மாவட்ட செயலகமும் வனசீவராசிகள் திணைக்களமும் பாதுகாப்புப் படையினரும் ஆலய நிருவாகத்தினரும் அதில் இருக்கிறார்கள். செய்தியாக வெளிவருவது திறக்கும் திகதியும் மூடும் திகதியும்தான். அடுத்த கூட்டத்தில் அவற்றோடு மூன்று எண்களையும் சேர்த்து முடிவுசெய்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி உகந்தை வாசலில் தொங்கவிட வேண்டும்: ஒரு நாளில் காட்டுப் பாதையில் இறங்கும் அடியார் தொகை, ஒரே நேரத்தில் பூங்காவுக்குள் நிற்கும் வாகனத் தொகை, கூடு கட்டும் மாதங்களில் வில்லுக்கரையில் ஒரே நேரத்தில் நிற்கும் ஆட்களின் தொகை. பாதயாத்திரைச் சங்கங்களும் பாணமை, பொத்துவில் ஜீப் சாரதிகளும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்பட வேண்டும். எண்கள் அவர்கள் முன்னிலையில் பேசி வகுக்கப்பட வேண்டும். முதல் ஆண்டு எண் சரியாக அமையாவிட்டால் அடுத்த ஆண்டு ஆற்றின் நீரையும் வில்லின் கூடுகளையும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.